அத்தையின் குருவி, மாமாவின் குருவி

சென்னையில் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிய அதே சமயத்தில் என் மனைவிக்குப் பெங்களூருக்கு மாற்றல் வந்தது. அவள் பிறந்து வளர்ந்த வீடு ஜோகுபாளையத்தில் இருந்தது. மாடியில் ஒரு அறை சும்மா கிடந்தது. "உனக்கு வேலை கிடைக்கிற வரைக்கும்தான்" என்றாள். அப்படித்தான் நான் வீட்டோடு மாப்பிள்ளை ஆனேன்.

மாமாவும் அத்தையும் நல்லவர்கள். கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபித்துக்கொண்டு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். அவர்கள் எனக்கு முதலில் தோசை போட்டார்கள். ஃபேன் காற்று வரும் இடத்தில் என்னை உட்காரவைத்தார்கள். நான் வாசலில் செருப்பு மாட்டினால், "எங்க கிளம்பிட்டீங்க மாப்ள? வெயிலா இருக்கே" என்று கேட்டார்கள். கேள்வியில் தப்பே இல்லை. ஆனால் எங்கும் போக வேண்டிய வேலை இல்லாதவனுக்கு அந்தக் கேள்விக்கு என்ன பதில் இருக்கிறது? நான் குப்பைக்கூடையை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். அதற்கு மட்டும் யாரும் காரணம் கேட்கவில்லை.

மனைவி காலையில் ரிங் ரோடு நெரிசலுக்குள் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். பகல் முழுக்க நானும் அவர்கள் இருவரும்தான். அத்தை காபி கொடுக்கும்போது "ஏதாவது போன் வந்துச்சா?" என்பார். மாமா எதுவும் கேட்க மாட்டார். அவர் கேட்காமல் இருப்பதுதான் கூடுதலாக உறுத்தும்.

மாமா மாநில அரசுப் பணியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் குடும்பம். இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு டாக்டர் படியேற வேண்டாம், கனம் தூக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அதனால் அவர் பகல் முழுவதும் போர்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். முதலில் தெருவை வேடிக்கை பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது கூரையை.

போர்டிகோ கூரையின் மூலையில், டியூப் லைட்டுக்குப் பக்கத்தில், இரண்டு தகைவிலான் குருவிகள் மண்கூடு கட்டிக்கொண்டிருந்தன. முதுகு கருநீலம், இடுப்பில் செம்பழுப்புப் பட்டை, கத்தரிக்கோல் மாதிரி பிளந்த வால். கோடை மழை பெய்து தெருவோரம் சேறு தேங்கிய நாட்கள் அவை. சேற்றை வாயில் உருட்டி எடுத்து வந்து, ஒவ்வொரு உருண்டையாக ஒட்டின. சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டிக் கூரையில் கவிழ்த்த மாதிரி ஒரு வயிறு, அதிலிருந்து நீளும் குழாய் போல ஒரு வாசல்.

"சிமென்ட் இல்ல, கம்பி இல்ல. பாருங்க மாப்ள, விழுதா?" என்றார் மாமா. அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுவரை அதுதான்.

அத்தைக்கு வேறு குருவி. வீட்டின் பின்பக்கம், சமையலறைச் சுவரில், ஒரு மரப்பெட்டி மாட்டியிருந்தது. பேட்டையில் யாரோ சிட்டுக்குருவிகளைக் காப்பாற்றச் சொல்லி வீடு வீடாகக் கொடுத்தது. பல வருடமாகக் காணாமல் போயிருந்த சிட்டுக்குருவிகள் அந்தப் பெட்டிக்குத் திரும்பி வந்திருந்தன. அத்தை தினமும் மண்தட்டில் கம்பும் நொய்யும் வைப்பார். பக்கத்து வீட்டுப் பெண்கள் போன் எடுத்துக்கொண்டு படம் பிடிக்க வருவார்கள். அவர்களிடம் அத்தை தாழ்ந்த குரலில் ஒன்று சொல்வார். சமையலறை ஜன்னல் வழியாக நானே கேட்டிருக்கிறேன்.

"குருவி வீட்ல கூடு கட்டினா, அந்த வீட்ல கொழந்த சத்தம் கேக்கும்னு சொல்லுவாங்க."

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். நான் ஜன்னலிலிருந்து நகர்ந்துவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அத்தை கோயிலுக்குப் போயிருந்தபோது மாமா என்னைக் கூப்பிட்டார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"மாப்ள, ஒரு ஒதவி பண்ணணும். அத்தைக்குத் தெரிய வேணாம்."

போன வருடமும் தகைவிலான்கள் இதே இடத்தில் கூடு கட்டியிருக்கின்றன. முட்டை இட்ட பிறகு ஒரு சிட்டுக்குருவி ஜோடி உள்ளே புகுந்திருக்கிறது. முட்டைகளை வெளியே தள்ளிவிட்டு வைக்கோலை அடைத்துக்கொண்டது. காலையில் மாமா எழுந்து வந்தபோது தரையில் ஓடுகள் கிடந்தன. அவரே துடைப்பம் எடுத்துப் பெருக்கியிருக்கிறார். அதைப் பார்த்த அத்தை, "பாவம், அதுக்கும் எடம் வேணுமில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம். அந்த ஒரு வரியை மாமா வருடம் முழுக்க வைத்துக்கொண்டிருந்தார் என்பது அவர் அதைச் சொன்ன விதத்தில் தெரிந்தது.

"இந்த வருஷமும் ஒண்ணு வந்து எட்டிப் பாத்துட்டுப் போவுது. ஆம்பளக் குருவி, கருப்புத் தாடி. அதப் புடிக்கணும்."

கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் சாக்குக்குள் ஒரு கம்பிக் கூண்டு இருந்தது. வெல்டிங் கடையில் சொல்லிச் செய்தது. தானியத்தைத் தின்ன உள்ளே போய்த் தட்டின் மேல் குருவி உட்கார்ந்தால் கதவு விழும்.

"கொல்ல வேணாம். தூரமா கொண்டு போயி விட்டுடுங்க. மொட்ட மாடில வெச்சா அத்த பாக்க மாட்டா. முட்டி வலி, அவ அங்க ஏறதில்ல."

மொட்டை மாடி என்றால் என் அறை ஜன்னலுக்கு நேர் வெளியே. முடியாது என்று சொல்லலாம் என்ற எண்ணமே எனக்கு அப்போது வரவில்லை. "சரி மாமா" என்றேன். அந்த வீட்டில் நான் எல்லாவற்றுக்கும் சொன்ன பதில் அதுதான்.

மறுநாளே விழுந்தது. கதவு விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். கருப்புத் தாடி வைத்த ஆண் குருவி. கம்பியில் மோதி மோதி, பிறகு ஒரு மூலையில் வாயைத் திறந்தபடி நின்றது. கையை விட்டுப் பிடித்தேன். கைக்குள் அதன் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகம் எனக்குப் பயமாக இருந்தது. திரும்பி வந்தால் தெரியட்டும் என்று மனைவியின் நகப்பூச்சை எடுத்து வாலில் ஒரு தடவு தடவினேன். ரோஸ் நிறம். ஷூ பெட்டியில் ஓட்டை போட்டு உள்ளே வைத்து, ஸ்கூட்டரில் விவேக் நகர் வரைக்கும் போய், மாதா கோயில் பக்கத்தில் மெழுகுவத்திக் கடைகளைத் தாண்டி ஒரு மரத்தடியில் திறந்தேன். பறந்தது. திரும்பி வரும் வழியில் ஒரு டீ குடித்தேன். வேலை கிடைத்தவன் மாதிரி நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலை அத்தை சமையலறையிலிருந்து கூப்பிட்டார்.

"மாப்ள! வந்து பாருங்களேன். சத்தம் போடாம வாங்க."

பெட்டியின் வாசலில் அந்தக் குருவி உட்கார்ந்திருந்தது. வாலில் ரோஸ்.

"குங்குமம் பட்ட மாதிரி இல்ல? முந்தாநேத்து கோயில்ல வேண்டிக்கிட்டு வந்தேன். இன்னிக்கி இப்படி வந்து ஒக்காந்திருக்கு." அத்தையின் கண் கலங்கியிருந்தது. "நீங்க எதுவும் கவலப்படாதீங்க மாப்ள. எல்லாம் நடக்கும்."

நான் தலையாட்டினேன். என்ன செய்ய முடியும்? நகப்பூச்சு என்று சொன்னால் கூண்டைச் சொல்ல வேண்டும். கூண்டைச் சொன்னால் மாமாவைச் சொல்ல வேண்டும்.

இரவு மனைவியிடம் மட்டும் சொன்னேன். முதலில் அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள்.

"குருவி புடிக்கறது சட்டப்படி தப்பு, தெரியுமில்ல? மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே."

"உங்க அப்பாகிட்டயா?"

"ஏன், அவரு என்ன பண்ணிடுவாரு?"

"ஒண்ணும் பண்ண மாட்டாரு. அதான் பிரச்சன."

அவளுக்கு அது புரியவில்லை. அவள் பிறந்த வீடு. அங்கே அவளுக்குக் கோபித்துக்கொள்ள உரிமை இருந்தது, கதவை அறைந்து சாத்த உரிமை இருந்தது. நான் கதவைச் சாத்தும்போது கைப்பிடியைப் பிடித்து மெதுவாகச் சாத்துவேன்.

அடுத்த வாரம் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையிலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். வாகன உதிரி பாகம் செய்யும் இடம். நான் பார்த்த வேலையைவிட இரண்டு படி கீழே. ஆனாலும் கூப்பிட்டார்களே. சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே கதவு விழும் சத்தம். ரோஸ் வால்தான். மறுபடியும்.

கீழே மாமா போர்டிகோவில் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"பீன்யா நல்ல தூரம். அங்கியே விட்டுடுங்க" என்றார். இன்டர்வியூவுக்கு வாழ்த்து சொல்ல மறந்துவிட்டார்.

மெட்ரோவில் பையை மெஷினுக்குள் விடச் சொல்வார்கள் என்பதால் ஸ்கூட்டரிலேயே போனேன். நெரிசலில் நேரமாகிவிட்டது. வழியில் நிறுத்திக் குருவியை விட நேரமில்லை. தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டி, வரும் பைகளையெல்லாம் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். தர்மபுரிப் பக்கத்துப் பேச்சு.

"பெட்டில என்னா சார் கீது? ஆடுது?"

"குருவி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இஸ்திரி போட்ட சட்டை, ஃபைல், ஷூ பெட்டி.

"இன்டர்வியூவுக்கா?"

"இன்டர்வியூவுக்கு நான் மட்டும்தான்."

அவர் சிரிக்கவில்லை. பெட்டியை வாங்கித் தன் நாற்காலிக்கு அடியில், நிழலில் வைத்தார். உள்ளே என்னிடம் ஏன் வேலையில் இத்தனை நாள் இடைவெளி என்று கேட்டார்கள், ஷிஃப்ட் பார்ப்பீர்களா என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். மனம் முழுக்க அந்த நாற்காலிக்கு அடியில் இருந்தது. காற்று போகிறதா, யாராவது காலால் தட்டிவிடுவார்களா என்று. வெளியே வந்து பெட்டியை வாங்கி, லாரிகள் நிற்கும் ஒரு டீக்கடை ஓரம் மூடியைத் திறந்தேன். குருவி உடனே போகவில்லை. பெட்டியின் விளிம்பில் நின்று அந்தப் புகையையும் சத்தத்தையும் பார்த்தது. பிறகு ஒரு தகரக் கூரைக்குப் போனது.

அது திரும்பி வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அத்தை சாப்பாடு பரிமாறும்போது சொன்னார்: "அந்த ஆம்பளக் குருவியக் காணோம் மாப்ள. குங்குமக் குருவி. குஞ்சு பொரிச்சாச்சு, பொம்பளக் குருவி ஒண்டியா அலையுது. எங்கயாவது பூனை புடிச்சிருக்குமோ?"

எதிரில் மாமா ரசத்தைக் கலந்துகொண்டிருந்தார். கலந்துகொண்டே இருந்தார்.

"சுவத்து மேல பூனை ஏறாம ஏதாவது வல கட்டித் தர்றீங்களா மாப்ள?"

"சரி அத்தை" என்றேன்.

அன்று மதியம் ஏணி போட்டு, பின்பக்கச் சுவரில் வலை கட்டினேன். பெட்டிக்குள்ளிருந்து குஞ்சுகள் கத்தின. பெண் குருவி ஒரு புழுவோடு வந்து, என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே போக முடியாமல் கம்பியில் உட்கார்ந்து கத்தியது. நான் அவசரமாக இறங்கினேன். முன்பக்கம் வந்தால் மாமா நாற்காலியில் உட்கார்ந்தபடி மெதுவாகச் சொன்னார்: "வேற ஒண்ணு வந்துட்டிருக்கு மாப்ள. கூண்ட எடுத்துடாதீங்க." மாடிக்குப் போய் அறைக் கதவைச் சாத்தி உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே கூண்டு திறந்தபடி இருந்தது. பகலில் மூன்று பேர் மட்டுமே இருக்கும் ஒரு வீட்டில் போக எனக்கு வேறு இடம் இல்லை.

கூண்டில் அடுத்தது விழுந்த அன்று நான் குளித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்கவில்லை. வெளியே வந்தபோது அத்தை மொட்டை மாடியில் இருந்தார். மிளகாய் காயப்போட ஏறியிருக்கிறார். வேலைக்கார அம்மா வரவில்லை, என்னைக் கூப்பிடத் தயக்கம். முறம் தரையில் இருந்தது. அத்தை கூண்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு பெண் குருவி. என் ஜன்னல் விளிம்பில் மனைவியின் ரோஸ் நகப்பூச்சு பாட்டில்.

நான் துண்டோடு நின்றேன்.

அத்தை கூண்டுக் கதவைத் தூக்கிப் பிடித்தார். குருவி பயந்துபோய் எதிர் மூலையில் ஒட்டிக்கொண்டது. அவர் பிடித்தபடியே இருந்தார். நான் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன். அது வெளியே போய், தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து, பிறகு பின்பக்கமாக இறங்கிப் பறந்தது.

"பெட்டிக்குத்தான் போவுது" என்றார் அத்தை. "தாய்க் குருவி."

பிறகு கேட்டார்: "அவரு சொன்னாரா?"

நான் கூண்டுக் கதவை இறக்கிச் சாத்தினேன். அதுவே பதில்.

"நீங்க ஏன் மாப்ள மாட்டேன்னு சொல்லல?"

"எப்பிடி அத்தை சொல்றது?" என்றேன். "உங்க வீட்ல இருந்துக்கிட்டு."

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அது புதுச் செய்தி. உண்மையிலேயே அவர் என்னை நன்றாக வைத்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தார். நன்றாகத்தான் வைத்துக்கொண்டிருந்தார்.

வாயைத் திறந்தது திறந்ததுதான் என்று இன்னொன்றையும் சொன்னேன். "அத்தை, இன்னொரு விஷயம். கொழந்த... எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. நாங்க ரெண்டு பேருந்தான் இப்போ வேணாம்னு தள்ளிப் போட்டுட்டு வர்றோம். குருவிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

"ஆறு வருஷமாவா?"

"ஆமா."

"நான் போகாத கோயில் இல்லையே மாப்ள."

அவரால் தானாக எழ முடியவில்லை. கையைக் கொடுத்துத் தூக்கினேன். ஒவ்வொரு படியாக என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அத்தை என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

மாமாவும் அத்தையும் சண்டை போடுவது கன்னடத்தில். மகளுக்குக் கன்னடம் தெரியும், ஆனால் மாப்பிள்ளைக்குத் தெரியாது என்பதால் நான் வந்த பிறகு அது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. அதற்குள் எனக்கு அது புரிய ஆரம்பித்திருந்ததை அவர்கள் கவனிக்கவில்லை. "நனகே ஹேள்பஹுதித்தல்லா?" என்று அத்தை திரும்பத் திரும்பக் கேட்டார். என்னிடமே சொல்லியிருக்கலாமே என்று. உங்களுக்கு அந்தக் குருவி அவ்வளவு முக்கியம் என்று எனக்கு எப்படித் தெரியும், வாயைத் திறந்தால்தானே தெரியும், அந்தப் பிள்ளையை எதற்கு நடுவில் இழுத்தீர்கள் என்று. மாமா, போன வருடம் முட்டை ஓடுகளைப் பார்த்து நீ என்ன சொன்னாய் என்று கேட்டார். என்ன சொன்னேன் என்று அத்தை கேட்டார். அவருக்கு அது நினைவில்லை. மாமா எழுந்து போர்டிகோவுக்குப் போய்விட்டார்.

பெட்டிக்குள் ஒரு குஞ்சு செத்துப்போயிருந்தது. அத்தை சொல்லி நான்தான் ஏறிப் பார்த்து எடுத்தேன். மற்றவற்றைத் தாய்க் குருவி ஒண்டியாக வளர்த்து வெளியே கொண்டுவந்தது. முன்பக்கம் தகைவிலான்கள் கூட்டை முடித்து முட்டை இட்டன. அந்தச் சமயத்தில்தான் இன்னொரு கருப்புத் தாடி வந்து மண்குழாயின் வாயில் உட்கார்ந்தது. மாமா அத்தைக்கு முன்னாலேயே கேட்டார்.

"மாப்ள, அந்தக் கூண்ட இன்னொரு வாட்டி..."

"மாட்டேன் மாமா" என்றேன்.

மரியாதையாகத்தான் சொன்னேன். மாமா என்னைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்விட்டார். நான்கைந்து நாள் என்னோடு பேசவில்லை. அந்த நாட்களில் அந்த வீடு இன்னும் சிறியதாகிவிட்டது.

குருவியைத் துரத்தியது அத்தை. சமையல் முடித்த கையோடு நாற்காலியைத் தூக்கிவந்து மாமாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். சிட்டுக்குருவி வந்தால் கையைத் தட்டி "போ, உன் வீட்டுக்குப் போ, பின்னாடி போ" என்பார். மாமாவிடம், "என் குருவிதானே, என் பேச்சக் கேக்கும்" என்றார். எல்லா நேரமும் கேட்கவில்லை. அத்தை மத்தியானம் கண்ணயரும் நேரத்தில் அது வந்துவிடும். அப்போது மாமா எழுந்து நின்று தட்டுவார். ஒரு முட்டை விழுந்து உடைந்தது. மீதி பொரிந்தன. குழாய் வாசலில் குஞ்சுகளின் வாய்கள் தெரிந்த அன்று, மாமா என்னை மாடியிலிருந்து பேர் சொல்லாமல் கைதட்டிக் கூப்பிட்டார். குருவியைத் துரத்துவது போலவே. நான் இறங்கிப் போனேன்.

பீன்யாவிலிருந்து வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். எடுத்துக்கொண்டேன். என் வேலை நகரத்தின் ஒரு கோடி, மனைவியின் வேலை இன்னொரு கோடி, இரண்டுக்கும் நடுவில் அந்த மாடி அறை. அதனால் இன்னும் அங்கேதான் இருக்கிறோம். தினமும் மெட்ரோவில் போய்த் திரும்புகிறேன். வாசலில் செருப்பு மாட்டும்போது யாரும் எங்கே என்று கேட்பதில்லை. அதுவே பெரிய மாற்றம் என்று என் மனைவி சொல்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, வேறு வீடு பார்க்கலாம் என்று இருக்கிறோம் என்று நானே சொன்னேன். மனைவியைச் சொல்ல விடவில்லை. அத்தை கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தார். மாமா சாதத்தைப் பிசைந்தபடி "சரி" என்றார். நான் அந்த வீட்டில் எத்தனையோ முறை சொன்ன அதே சொல். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. சம்மதமா, வருத்தமா, வேறு வழியில்லாமலா? கேட்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் அத்தை என் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் போட்டுவிட்டார்.